மூக்கார் தூக்கிப்போன கோடை ஒயின்

சனிக்கிழமை மாலை ஆறு பத்துக்கு அந்தத் தெருவில் யாரும் தொலைக்காட்சி பார்ப்பதில்லை. மூக்கார் கடையை விட்டு வீட்டுக்கு நடந்துபோகும் நேரம் அது. அவர் கையில் ஒரு பை இருக்கும், பைக்குள் ஒரு பாட்டில் இருக்கும். அது என்ன பாட்டில் என்பதுதான் தெருவுக்கு வேண்டிய செய்தி. முடிதிருத்துபவர் கத்தரியை அந்தரத்தில் நிறுத்துவார். பாதித் தலையோடு உட்கார்ந்திருப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் கண்ணாடி வழியே அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சாவி செய்பவர் வாசலுக்கே இறங்கி வந்துவிடுவார். திங்கட்கிழமை கடை திறந்ததும் சொல்லிவைத்தாற்போல எல்லோரும் வந்து அதே பாட்டிலைக் கேட்பார்கள்.

கடையில் நானூறு வகை ஒயின் இருந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் மலைச்சாரல், காட்டுப்பூ, நனைந்த கல் என்று ஏதோ ஒரு வாசனைக்கு உத்தரவாதம் இருந்தது. நனைந்த கல்லை முகர்ந்து பார்த்தவர் அந்தத் தெருவில் யாருமில்லை. நாளெல்லாம் ஒயினோடு கிடக்கிற ஆள் தன் வீட்டுக்கு எதை எடுத்துப்போகிறாரோ அதை வாங்கினால் தீர்ந்தது என்று அவர்கள் முடிவு கட்டி இருபத்தாறு வருடம் ஆகிறது. யாரும் அவரிடம் வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் தங்களுக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

மூக்காரின் மூக்கு பெரிதல்ல. சராசரிக்கும் ஒரு சுற்று சின்னது. எதையும் வாயில் வைக்குமுன் முகர்ந்துபார்க்கும் பழக்கத்தால் வந்த பெயர் அது. பெண் பார்க்கப் போன இடத்தில் கொடுத்த தண்ணீரையும் முகர்ந்திருக்கிறார். வருங்கால மாமனாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "விஷம் வெச்சிருக்கோமான்னு பார்க்கிறாரோ?" என்று அவர் உள்ளே போய்க் கேட்டதை மூக்காரின் மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிக் காட்டுவாள்.

கடை வாசலை ஒட்டி, மார்பளவு உயரத்தில் ஒரு அலமாரி. அதற்குக் கோடை அலமாரி என்று பெயர். பழைய முதலாளி அதை மூக்காரிடம் விட்டுவிட்டார். வெயில் ஏறத் தொடங்கியதும் அதில் எந்தப் பன்னிரண்டு ஒயின்கள் நிற்க வேண்டும் என்பதை மூக்கார் தீர்மானிப்பார். ஒவ்வொன்றுக்கும் தன் கையெழுத்தில் ஒரு அட்டை எழுதுவார். "பதினோரு சதவீதம். மதியம் குடித்தாலும் மாலையில் மனைவி பெயர் ஞாபகம் இருக்கும்" என்பது போல. கடைக்குள் அவருக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்த அலமாரி ஒன்றுதான்.

அதற்கு அவர் வைத்திருந்த தேர்வுமுறை ஒயின் கம்பெனி விற்பனையாளர்களிடையே பிரசித்தம். அவர்கள் மாதிரி பாட்டில்களோடு வந்து, கடைக்குக் கீழே குளுகுளுவென்றிருக்கும் குடோனில் ஊற்றிக் காட்ட ஆசைப்படுவார்கள். அங்கே எந்த ஒயினும் யோக்கியனாகத்தான் நடந்துகொள்ளும். மூக்கார் அவர்களைப் பின்பக்கம் வேன் நிற்கும் முற்றத்துக்கு அழைத்துப்போவார். மேலே தகரக் கூரை, கீழே பிளாஸ்டிக் நாற்காலி, நேரம் மதியம் இரண்டு மணி.

"குடிக்கிறவங்க குகைக்குள்ளயா உக்காந்து குடிக்கப்போறாங்க? இங்க ஊத்துங்க" என்பார்.

அரை கிளாஸ் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருப்பார். நாக்கு அடுத்த வாய் ஒயினைக் கேட்டால் அது தேறியது. தண்ணீரைக் கேட்டால் தேறவில்லை. முப்பத்தெட்டு டிகிரியில் கனத்த சிவப்பு ஒயின் எல்லாம் தன் சுயரூபத்தைக் காட்டிவிடும். பெயின்ட் கடைக்குள் நுழைந்தாற்போல ஆல்கஹால் மூக்கில் ஏறும். பீப்பாயின் மரவாசனை பென்சிலைக் கடித்தாற்போல நிற்கும். தேறுவது பச்சை ஆப்பிளைக் கடித்ததுபோல் சுரீரென்று இருக்கும் வெள்ளை ஒயின்கள், கண்ணுக்கு நிறம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் இளஞ்சிவப்பு ஒயின்கள், அதோடு ஒன்றிரண்டு மெல்லிய சிவப்பு ஒயின்கள். அந்த மெல்லிய சிவப்பை ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் இருபது நிமிடம் வைக்க வேண்டும் என்பார். சிவப்பைக் குளிரவைப்பதா என்று விற்பனையாளர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். முற்றத்தில் இன்னும் அரைமணி நேரம் உட்காரவைத்தால் அவர்களே வாளியைத் தேடுவார்கள்.

பழைய முதலாளி காலமானதும் கடை அவருடைய மருமகனிடம் வந்தது. தெருவுக்கு அவர் மாப்பிள்ளை முதலாளி. அதற்குமுன் மெத்தை விற்றவர். மெத்தையில் கற்றதை ஒயினுக்கும் பொருத்திப் பார்த்தார்: கெட்டியாக இருந்தால் உசத்தி. குளிர்காலத்தின் கடைசி வாரத்தில், இனி யார் வாங்கப்போகிறார்கள் என்று தவித்துக்கொண்டிருந்த ஒரு விற்பனையாளர் அவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடிக் கண்டுபிடித்து, கரடிப் படம் போட்ட கறுப்புச் சிவப்பு ஒயினில் அறுநூறு பாட்டிலைத் தலையில் கட்டிவிட்டார். பதினைந்து சதவீதம். மை மாதிரி இருக்கும். பனி கொட்டும்போது இறைச்சிக் குழம்போடு குடித்தால் ஒருவேளை நியாயம். கரடி வந்து இறங்கியபோது வெயில் முப்பத்தாறைத் தாண்டியிருந்தது.

மாப்பிள்ளை முதலாளி ஒருநாள் மூக்காரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

"அண்ணே, உங்க பையில என்ன போகுதோ அதுதான் தெருவுல ஓடுதாமே! மூணு வருஷமா எனக்கு யாருமே சொல்லலையே."

"யாரும் கேக்கல சார்."

"இந்தச் சனிக்கிழமை கரடியைக் கொண்டுபோங்க. என் அன்பளிப்பு."

"அது கோடைக்கு ஆகாது சார். வெயில்ல கம்பளி போத்திக்கிட்ட மாதிரி இருக்கும்."

"ஃபேன் போட்டுக்கட்டும்."

"தலைவலி வரும் சார்."

"பக்கத்துலயே மருந்துக்கடை இருக்கு. அவங்களும் பொழைக்கட்டும்." பிறகு மாப்பிள்ளை முதலாளி குரலைத் தேனாக்கினார். "நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். அந்த வாசல் அலமாரியை எடுத்துட்டு அந்த இடத்துல கரடியை அடுக்கலாமான்னு யோசிக்கிறேன், அவ்வளவுதான். உங்களுக்கும் வயசாகுது. கீழ குடோன்ல உக்காந்தா உடம்புக்குக் குளிர்ச்சி. நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க."

மூக்கார் பார்த்து முடிவு பண்ணினார். ஒரே ஒரு சனிக்கிழமை. அலமாரி நிற்கும். நல்லது என்று தன் வாயால் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஒரு மனிதன் ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடப்பதில் என்ன பொய் இருக்கிறது? தெரு தானாக ஒரு முடிவுக்கு வந்தால் அது தெருவின் சுதந்திரம். இப்படிப்பட்ட நியாயங்கள் தேவைப்படும்போது மனிதனுக்கு எவ்வளவு சரளமாக வருகின்றன!

மாப்பிள்ளை முதலாளி உள்ளே இருப்பது வெளியே தெரியும் கண்ணாடிப் பை ஒன்றை வாங்கிவைத்திருந்தார். சனிக்கிழமை ஆறு பத்துக்குக் கரடி ஊர்வலம் போனது.

"மூக்கண்ணே, இந்த வருஷம் சிவப்பா?" என்றார் முடிதிருத்துபவர்.

"ம்."

"அதான பார்த்தேன். எனக்கும் மனசுல அதான் ஓடிக்கிட்டிருந்துச்சு."

வீட்டில் மனைவி பையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, உடம்பு சரியில்லையா?"

பாட்டில் திறக்கப்படாமல் கட்டிலுக்கு அடியில் போனது.

திங்கட்கிழமை நூற்றிருபது கரடிகள் கடையை விட்டு வெளியேறின. மனைவி பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவள். ஊர் குடிப்பது என்ன என்பதை அவளைவிட நேரடியாகப் பார்க்கக்கூடியவர் யாருமில்லை. செவ்வாய் மாலை செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "இன்னிக்கு வந்த பதினோரு பேர்ல எட்டு பேருக்கு நாக்கு, பல்லு எல்லாம் ஊதா. டாக்டர் ஏதோ புது வியாதின்னு புத்தகத்தைப் புரட்ட ஆரம்பிச்சுட்டார்."

மூக்கார் வசவுக்குத் தயாராகக் காத்திருந்தார். உண்மையில் ஆசையாகவே காத்திருந்தார். நாலு பேர் வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல் கேட்டால், அதை அப்படியே முதலாளியிடம் கொண்டுபோகலாம்.

முடிதிருத்துபவர் வந்தார். "என்ன ஒரு சரக்குண்ணே! ரெண்டே கிளாஸ். மத்தியானம் ஒரு மணிக்குப் படுத்தவன், எழுந்தா விளக்கு வெச்சாச்சு."

சாவி செய்பவர் நெற்றியில் ஈரத்துணியோடு வந்தார். "தலை வெடிக்குது. இந்த வருஷம் வெயில் சரியில்ல, பாருங்க. ஒயின் ஒண்ணாந்தரம். இன்னும் ரெண்டு குடுங்க."

இருபத்தாறு வருடமாகத் தெருவின் நாக்கைத் தான் பழக்கி வைத்திருப்பதாக மூக்கார் நம்பிக்கொண்டிருந்தார். தெரு நாக்கை வீட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மட்டும் எடுத்துவந்து வாங்கிக்கொண்டிருந்தது என்பது அந்த வாரம்தான் அவருக்கு உறைத்தது. அதற்கு மேல் ஒரு கொடுமை. அவர் காப்பாற்றிய கோடை அலமாரியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்காரே எடுத்துப்போகாத ஒயினை யார் வாங்குவார்கள்? அட்டைகளில் தூசி படிந்தது.

"ஒரு வாரம்தானே சொன்னீங்க சார்" என்றார் அடுத்த சனிக்கிழமை.

"நல்லா ஓடும்போது யாராவது நிறுத்துவாங்களா? மறுபடியும் முந்நூறு பாட்டிலுக்குச் சொல்லியிருக்கேன்" என்றார் மாப்பிள்ளை முதலாளி. கண்ணாடிப் பை தயாராக இருந்தது.

கட்டிலுக்கு அடியில் நாலு கரடிகள் சேர்ந்த சமயத்தில்தான் சகலை வந்தார்.

சகலை என்றால் மூக்காரின் மனைவிக்கு அக்கா புருஷன். நில அளவையர். இரண்டு தெரு தள்ளி வீடு. அளந்து எண்ணாகச் சொல்ல முடியாத எதையும் நம்பாதவர். முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறார். திங்கட்கிழமை மதியம் அலுவலகத்தின் பின்புறக் கொட்டகையில் அறுபது பேருக்குச் சாப்பாடு.

"அஞ்சு பெட்டி கரடி எடுத்துவை" என்றார்.

"வேண்டாம்ண்ணே. அலமாரியில இருக்கிறதுல ஒண்ணு தரேன்."

"படிச்சுப் பார்த்தேன். உன் அலமாரியில முன்னால நிக்கிறது பதினொண்ணு. கரடி பதினஞ்சு. நாலு சதவீதம் கம்மியா வாங்கிட்டுப் போக நான் என்ன ஏமாளியா?"

"ஒரு மணி வெயில்ல, தகரக் கொட்டகையில கரடியைக் குடிச்சா அறுபது பேரும் மேசையிலயே சாஞ்சுடுவாங்க."

சகலை சட்டைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். இருபத்திரண்டு பக்கம், சின்னக் கையெழுத்து. "பேச எழுதி வெச்சிருக்கேன். வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து நான் அளவுச் சங்கிலியோட அந்தக் கோடியிலயே நின்னவன். நான் கத்தினது எதுவும் இந்தக் கோடியில நின்ன அதிகாரிங்க காதுல விழுந்ததே இல்ல. ஒரு நாளாவது விழட்டும்னு இருக்கேன். அதுக்காகத்தான் நல்ல ஒயினா வாங்கி ஊத்தறேன். நீ என்னடான்னா..."

"அதனாலதாண்ணே சொல்றேன்."

"நாலு வாரமா நீயே தூக்கிட்டுப் போறியே. நான் கண்ணால பார்த்தேன்."

"தூக்கிட்டுப் போனேன். குடிக்கல. நாலும் கட்டிலுக்கு அடியில கிடக்கு."

தன் வாழ்நாளில் மூக்கார் சொன்ன மிகச் சுத்தமான உண்மை அது. அதற்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டும்.

"ஓஹோ! பதுக்கி வெச்சிருக்கியா?" என்று சகலை எழுந்தார். "நல்லது உனக்கு, கழுவின தண்ணி எனக்கா?"

அன்று மாலையே அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது. மூக்காரின் மனைவி 'ம்... ம்...' என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"நல்லதை ஒளிச்சு வெச்சுக்கிட்டு ஒண்ணுமில்லாததை எங்க தலையில கட்டப் பார்க்கிறார் உன் வீட்டுக்காரர்னு சொல்றா. இருபது வருஷமா ஒரு சண்டை இல்ல எங்களுக்குள்ள."

"நான் உண்மையைத்தான் சொன்னேன்."

"சொல்லி? இந்த ஊர்ல உங்க வாயை யாருங்க பார்த்தா? கையைத்தானே பார்க்கிறாங்க!"

"கையில வேற பாட்டிலைத் தூக்கினா அலமாரி போயிடும்."

"இப்ப மட்டும் அது இருக்கா? தூசி தட்டக்கூட ஒருத்தன் கிட்ட வரமாட்டேங்கிறான்." அவள் குரலைத் தணித்தாள். "அத்தான் ரெண்டு மாசமா ராப்பகலா எழுதினார். அத்தனை பேரும் குறட்டை விடறதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வரணுமா அவர்?"

சனிக்கிழமை ஐந்தரைக்கு மூக்கார் அலமாரியிலிருந்து ஒரு மெல்லிய சிவப்பு ஒயினை எடுத்தார். பன்னிரண்டு சதவீதம். கிளாஸில் ஊற்றினால் அந்தப் பக்கம் செய்தித்தாள் படிக்கலாம். முற்றத்துத் தேர்வில் அவர் இரண்டாவது வாய் கேட்டது மட்டுமல்ல, மூன்றாவதும் கேட்ட ஒயின். ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் நிரப்பிப் பாட்டிலைக் கழுத்துவரை அமுக்கினார். கல்லாவில் காசைக் கட்டிவிட்டு வாளியோடு வாசலுக்கு நடந்தார்.

"அண்ணே, பை இங்க இருக்கு" என்றார் மாப்பிள்ளை முதலாளி.

"இருக்கட்டும் சார்."

"கரடி?"

"அதுவும் இருக்கட்டும்."

தண்ணீர் சொட்டச் சொட்ட மூக்கார் தெருவில் இறங்கினார். கத்தரி நின்றது. இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு நிசப்தம் விழுந்ததில்லை.

"அண்ணே," என்றார் முடிதிருத்துபவர், "அது சிவப்பு."

"சிவப்புதான்."

"ஐஸ்ல கிடக்கே!"

"நானும் ஐஸ்ல கிடந்தா நல்லாத்தான் இருக்கும். வெயிலைப் பாருங்க. இதைத்தான் நான் குடிக்கப்போறேன். இத்தனை வாரமா தூக்கிட்டுப் போனதை ஒரு சொட்டுகூடக் குடிக்கல."

கடைசி இரண்டு வாக்கியங்கள் யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வழக்கமான வழியில் போகாமல் இரண்டு தெரு சுற்றிச் சகலை வீட்டு வாசல் வழியாகப் போனார். சகலை படியில் நின்று தாள்களை வைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கண் திரும்பவில்லை.

"எவ்வளவு அது?" என்றார் கடைசியில்.

"பன்னெண்டு."

சகலை மனதுக்குள் கணக்குப் போட்டார். "பதினொண்ணுக்கு ஒண்ணு கூடத்தான்."

"வாங்கண்ணே, குடிச்சுப் பாருங்க."

"எதுக்கு? நீதான் தூக்கிட்டுப் போறியே. அதுலயே அஞ்சு பெட்டி போட்டுடு."

திங்கட்கிழமை காலை கடை வாசலில் கூட்டம். "வாளி ஒயின் இருக்கா?" என்பதுதான் எல்லோர் வாயிலும். சிலர் கையோடு வாளி கொண்டுவந்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை முதலாளி முகம் கறுத்திருந்தது. பத்து மணிக்கு வெளுத்தது. பதினோரு மணிக்கு அவர் வியாபாரியாகிவிட்டார். கோடை அலமாரிக்கு மேலே 'முதலாளியின் தேர்வு' என்று ஒரு பலகை ஏறியது. மூக்காரின் அட்டைகள் இறங்கின.

"சொன்னா சொன்னதுதான் அண்ணே. நாளையிலேர்ந்து நீங்க கீழ" என்றார்.

மூக்கார் ஐந்து பெட்டிகளையும் கைவண்டியில் ஏற்றி, அலுவலகக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார். மூன்று பெரிய தொட்டிகளில் ஐஸும் தண்ணீரும் கொட்டி, பாட்டில்களை அமுக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் நின்றார்.

சாப்பாடு முடிந்து சகலை எழுந்து தாள்களைப் பிரித்தார். தலைமை அதிகாரி வழக்கம்போல் நாற்காலியில் சரிந்து கண்ணை மூடினார். பிரிவுபசாரக் கூட்டங்களில் தூங்குவதில் அவருக்கு மாவட்டப் புகழ் உண்டு. கண் மூடியது, ஆனால் தூக்கம் வரவில்லை. திறந்தார். இன்னொரு வாய் குடித்தார். குளிர்ந்த, லேசான ஒயின் அவரை மேலும் தெளிவாக்கியது. மழையில் சகலை தனியாளாக ஒரு மலைச்சரிவை இரண்டாம் முறை அளந்ததும், முதல் அளவு தப்பு என்று அவர் எழுதிய கடிதம் எந்த மேசையில் எத்தனை வருடம் கிடந்தது என்பதும் பதினான்காம் பக்கத்தில் வந்தது. அந்த மேசைக்காரர் முழு விழிப்போடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை.

பேச்சு ஒரு மணி ஐம்பது நிமிடம் நடந்தது. அறுபது பேரில் ஒருவரும் தூங்கவில்லை. அதற்காக மூக்காரை மன்னிக்காதவர்கள் அந்த அலுவலகத்தில் இன்றும் இருக்கிறார்கள். இருபத்திரண்டாம் பக்கத்தில், "இப்படி ஒரு ஒயினைத் தேர்ந்தெடுத்துத் தந்த கடை முதலாளிக்கு நன்றி" என்று சகலை முடித்தார். வரும் வழியில் பலகையைப் படித்திருந்தார். கைதட்டல் எழுந்தது. அக்காவோடு வந்திருந்த மூக்காரின் மனைவி எழுந்து நின்று, "அத்தான், அந்த ஆள் மெத்தை வித்தவர். எடுத்துக் குடுத்தது இதோ இவர்" என்றாள். கைதட்டல் சத்தத்தில் பாதிப்பேருக்குத்தான் கேட்டது. சகலைக்குக் கேட்டது. அவர் வந்து மூக்காரின் தோளில் கை வைத்தார். அளவு எதுவும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் மூக்கார் குடோனில் இருக்கிறார். நாற்காலியும் நாற்பது வாட் பல்பும் உண்டு. மேலே அலமாரி முதலாளியுடையது. ஆனால் பதினொன்றரைக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை, மூடும் நேரத்தில் ஒருமுறை முதலாளி ஒரு வெற்று அட்டையோடு படியிறங்கி வருகிறார்.

"அண்ணே, சுட்ட மீனோட எது?"

"இடதுபக்கம் ரெண்டாவது வெள்ளை. நல்லா சில்லுன்னு."

"இந்த ரோஸ் கலருக்கு என்ன எழுதலாம்?"

"பத்தரை சதவீதம். வெயில் தாழுறவரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

முதலாளி எழுதிக்கொண்டார். பிறகு குடோனின் சுவரோரம் கூரையை முட்டிக்கொண்டு நின்ற பெட்டிகளைப் பார்த்தார். புதிதாக வந்த முந்நூறும் அதில் சேர்ந்திருந்தது.

"இந்தக் கரடியை என்னண்ணே பண்றது?"

மூக்கார் ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு பாட்டிலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் மேல் அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. அதுவாகக் கோடையில் வந்து நிற்கவில்லை.

"குளிர் வரட்டும் சார். நானே தூக்கிட்டுப் போறேன்."